விசைமூடியில் தமிழ் எழுதுவது எப்படி?

கணிப்பொறியின் விசைப்பலகையில் நம் விரல் படும் இடத்தில் சிறு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் பற்றியது இந்தக் கட்டுரை. கடைக்காரர்கள் அதைக் 'கீகேப்' என்பார்கள். நாம் விசைமூடி என்று வைத்துக்கொள்வோம். பல வகை விசைப்பலகைகளில் இந்த மூடியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். தமக்குப் பிடித்த எழுத்தையும் படத்தையும் அச்சிட்ட மூடிகளைச் செய்வித்து மாட்டிக்கொள்வது இளைஞர்களிடையே ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. மாரிகுப்பத்தில் காலை வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியாக இராது. வீட்டில் தமிழ் கற்கும் சிறுவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இதனால் ஆகக்கூடிய பயன் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கோலார் தங்கவயலில் நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் படிப்பது கன்னடமும் ஆங்கிலமும். வீட்டில் பேசுவது தமிழ். கணிப்பொறியில் தமிழ் எழுத வேண்டி வந்தால் ஆங்கில எழுத்துகளைத் தட்டுகிறார்கள், இயந்திரம் அதைத் தமிழாக மாற்றித் தருகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் 'எல்' என்ற ஒரே எழுத்தைத் தட்டினால் அது லகரமா, ளகரமா, ழகரமா என்பதை இயந்திரம்தான் ஊகித்துச் சொல்கிறது. ந, ன, ண மூன்றுக்கும் இதே கதிதான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று மாற்றித் தட்டும் முறைகளும் இருக்கின்றன. அவற்றிலும் பிள்ளையின் நினைவில் பதிவது ஆங்கில எழுத்துதான். 'பள்ளி'க்கு எந்த ளகரம் என்று யோசிக்க வேண்டிய இடத்தில் பிள்ளை யோசிக்காமலே தாண்டிப் போய்விடுகிறது. எழுத்துக்கு ஒரு விசை, விசையின் மேல் அந்த எழுத்து என்று கண்முன்னே இருந்தால் இந்தத் தாண்டல் நடவாது.

அப்படி ஓர் ஏற்பாடு நெடுநாளாகவே இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்டு, அதே ஆண்டு தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்ட 'தமிழ்99' விசைப்பலகைதான் அது. விண்டோஸ், ஆப்பிள், லினக்ஸ் எதுவானாலும் அமைப்புப் பகுதிக்குள் போய் இதைத் தேர்ந்துகொள்ளலாம். 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம், ஆக 31 விசைகளில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கிவிடும். உயிரெழுத்துகள் அனைத்தும் இடக்கைப் பக்கம். வ, ங இரண்டும் தவிர மற்ற மெய்கள் அனைத்தும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். 'தமிழ்' எழுத த, ம, இ, ழ, கடைசியில் ஃ. மெய்க்குப் பின் ஆய்த விசையைத் தட்டினால் அது புள்ளியாகிவிடும். கால், கொம்பு, விசிறி எதற்கும் தனி விசை கிடையாது. ஆகவே மூடியில் வரைய வேண்டியவை 31 முழு எழுத்துகள்தாம்.

தட்டச்சுப் பொறிக் காலத்தில் இது இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து சிங்கப்பூர் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை அமைத்தபோது, நாற்பத்துச் சில விசைகளுக்குள் 247 எழுத்துகளையும் கொண்டுவர வேண்டியிருந்தது. தட்டினாலும் தாள் நகராத விசைகளை வைத்து அவர் அதைச் சாதித்தார். நம்மில் மூத்தவர்கள் பலர் தட்டச்சுப் பள்ளியில் ய, ள, ன, க என்று விரல் பழகியது அந்த மரபில்தான். அவர்கள் பழைய தட்டச்சு முறையிலேயே மூடி செய்துகொள்ளலாம், தடையில்லை. புதிதாகக் கற்கும் பிள்ளைக்குத் தமிழ்99 போதும்.

சரி, கடையில் விற்கும் விசைப்பலகையில் தமிழ் எழுத்து இல்லை, நாமே செய்வித்துக்கொள்வோம் என்று இறங்கினால் முதலில் எதிர்ப்படுவது அளவு. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19.05 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம். மூடி மேல்நோக்கிக் குறுகுவதால் விரல் படும் முகப்பு ஏறக்குறைய 12-க்கு 13 மி.மீ.தான். அதிலும் ஆங்கில எழுத்துக்கு மேல் மூலையில் இடம் விட்டால் தமிழெழுத்துக்குக் கிடைக்கும் உயரம் சுமார் 5 மி.மீ. அரை மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கிறோம். 30 செ.மீ. எழுத்தை 30 மீட்டருக்கு அப்பாலிருந்து படிப்பதும் இதுவும் ஒரே கணக்கு. ஆகவே பெயர்ப்பலகை எழுதுபவருக்கு இருக்கும் கவலைகள் எல்லாம் இங்கும் உண்டு.

பெரும்பாலோர் செய்வது என்னவென்றால், கணிப்பொறியில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துருவை எடுத்து 5 மி.மீ.க்குச் சுருக்கி அச்சுக்கு அனுப்பிவிடுவது. வந்து சேரும் மூடியில் ண ஒரு கறுப்புப் பொட்டலமாகவும் ஞ ஒரு பூச்சியாகவும் தெரியும். சுருக்கிய எழுத்து சிறிய எழுத்து ஆகாது. ஈய எழுத்துக் கோத்த அச்சகத்தார் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். நம் ஊருக்கும் அந்த அச்சு மரபோடு உறவு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிப் பின் 'தமிழன்' எனப் பெயர் மாற்றிய வார இதழ், அவர் 1914-இல் மறைந்த பிறகு, 1920களில் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. அந்நாளைய அச்செழுத்து வார்ப்பவர்கள் ஒவ்வோர் அளவுக்கும் அச்சைத் தனியே வெட்டினார்கள். சிறிய அளவில் மெல்லிய கோடுகளைச் சற்றுத் தடிப்பாக்குவார்கள், வளையத்தின் உள்வெளியைப் பெரிதாக்குவார்கள், எழுத்தைச் சற்று அகலமாக்குவார்கள். மை வழிந்து வளையம் அடைபடாமல் இருக்க அதுவே வழி. கணிப்பொறி வந்தபின் ஒரே வரைவை எந்த அளவுக்கும் நீட்டிச் சுருக்கலாம் என்ற வசதி வந்தது. அந்தப் பழைய அறிவு கைநழுவியது.

நமக்கு வேண்டியதும் அதுதான். எழுத்தில் எந்தப் பகுதி அதை மற்ற எழுத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறதோ அதைக் காப்பாற்ற வேண்டும், மற்றதை விட்டுக்கொடுக்கலாம்.

தமிழில் இந்தப் பிரிக்கும் பகுதி பெரும்பாலும் மிகச் சிறியது. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று பாட்டிமார் சொல்லிக் கொடுத்ததில் ஒரு முழு வரைகலைப் பாடம் இருக்கிறது. சுழியை எண்ண முடிந்தால்தான் எழுத்து. ண-வின் நடுவே குறுக்காக ஒரு கோடு இழுத்தால் நான்கைந்து இடங்களில் வெட்டும். கோட்டுக்கு 0.5 மி.மீ. தடிப்பு, கோடுகளுக்கு இடையே குறைந்தது 0.4 மி.மீ. வெளி என்று வைத்தால் ஐந்து கோடும் நான்கு வெளியும் சேர்ந்து 4.1 மி.மீ. ஆகிறது. இது மிகக் குறைந்த அளவு. 6 மி.மீ. அகலம் கொடுத்தால் சுழிகள் மூச்சு விடும். ட, ப, ம போன்றவை 4 மி.மீ.க்குள் நிம்மதியாக இருக்கும். எல்லா எழுத்தையும் ஒரே அகலப் பெட்டிக்குள் திணிக்க நினைத்தால் ண நெருங்கும், ட பரந்து கிடக்கும். அகலம் எழுத்துக்கு எழுத்து மாறட்டும். கோட்டின் தடிப்பு மட்டும் 31 விசையிலும் ஒன்றாக இருக்கட்டும்.

எ, ஏ இரண்டையும் பிரிப்பது அடியில் ஒரு சாய்கோடு. ஒ, ஓ இரண்டையும் பிரிப்பது அடியில் ஒரு சுழிப்பு. குறிலுக்குப் புள்ளி வைத்த பழைய வழக்கம் போய் நெடிலுக்கு இந்த மாற்றம் வந்ததை வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். மூடியில் இந்தச் சாய்கோட்டையும் சுழிப்பையும் இயல்பைவிட நீட்டி வரைய வேண்டும். தமிழ்99-இல் எ ஒரு வரிசையிலும் ஏ அதற்கு நேர் மேல் வரிசையிலும் அடுத்தடுத்தே இருப்பதால் பார்வை குழம்ப இடமுண்டு. ஒ, ஓ இரண்டும் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில். அவற்றை அடுத்து வருவது ஔ. இதன் வலப்பக்கத்து ள போன்ற உறுப்பை ஒ-வைவிடச் சிறிதாக, சற்று ஒட்டினாற்போல் வரையாவிட்டால் 'ஒ', 'ள' என இரண்டு எழுத்தாகப் பிள்ளை படிக்கும்.

ஃ பார்க்க எளிது, ஆனால் ஏமாற்றும். புள்ளியின் விட்டத்தைக் கோட்டின் தடிப்புக்குச் சமமாக வைத்தால் புள்ளி மெலிந்து தெரியும். நம் கண்ணின் இயல்பு அது. கோட்டைப்போல் ஒன்றரை மடங்கு விட்டம் வைத்தால் மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகும். ஈ-யின் இரு புள்ளிகளுக்கும் இதே கணக்குதான். ஆய்த விசையில் புள்ளி என்ற பொருளையும் காட்ட வேண்டுமே என்று தனியாக ஒரு புள்ளியை மூலையில் வைக்காதீர்கள். அது அச்சுப் பிழை போலவோ ஒட்டிய தூசு போலவோதான் தெரியும். ஒருமுறை வாயால் சொல்லிக் கொடுத்தால் போதும்.

கிரந்த எழுத்துகள் ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆறும் மேல்வரிசையில் ஷிப்ட் விசையோடு வருவன. அவற்றையும் அச்சிட்டால் ஒரு மூடியில் மூன்று எழுத்துகள் ஆகிவிடும். ஸ, ஷ, ஜ, ஹ நான்கையும் மெல்லிய நிறத்தில் சிறிதாக வைக்கலாம். ஸ்ரீ-யை 3 மி.மீ. உயரத்தில் தெளிவாகக் காட்டும் வித்தை எனக்குத் தெரிந்து யாரிடமும் இல்லை. அதை விட்டுவிடுங்கள், கல்யாணப் பத்திரிகை எழுதும்போது விசை நினைவுக்கு வந்துவிடும்.

இனி வரைவது. எடுத்த எடுப்பில் கணிப்பொறியில் உட்கார வேண்டாம். ஒரு கட்டத்தாளை எடுத்து மூடியின் முகப்பைப் பத்து மடங்காக, 120-க்கு 130 மி.மீ. பெட்டியாக வரையுங்கள். 1 மி.மீ. என்பது தாளில் 1 செ.மீ. ஆகிறது, மனக்கணக்குக்கு வசதி. எழுத்து 5 செ.மீ. உயரம், கோடு 5 மி.மீ. தடிப்பு. அத்துடன் பெட்டியின் கீழ்ப்பகுதியில் ஒரு படுக்கைக் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். எல்லா எழுத்தும் நிற்க வேண்டியது அதன்மேல். ரயில்வே வரைபடத்தில் எந்த உயரத்தையும் தண்டவாள மட்டத்திலிருந்துதான் கணக்கிடுவோம். அதுபோல 31 விசைக்கும் இது ஒரே மட்டம். இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வரைகலை மென்பொருளில் 'நடுவில் வை' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் இயந்திரம் எழுத்தின் உச்சியையும் அடியையும் பார்த்து நடுவில் நிறுத்தும். ழ, ந, த, ற போன்றவற்றுக்கு வால் கீழே இறங்குவதால் அவை மேலே தூக்கப்படும். ப, ம, க கீழே நிற்கும். தனித்தனி மூடியாகப் பார்த்தால் தெரியாது. பலகையில் வரிசையாக மாட்டிய பிறகு படுமோசமாகத் தெரியும்.

வளைவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழெழுத்தே வளைவுதான். ரயில் பாதையில் நேராகப் போகும் தண்டவாளத்தை நேரடியாக ஒரு வட்ட வளைவோடு இணைப்பதில்லை. இணைத்தால் அந்த இடத்தில் வண்டி வெடுக்கென்று இழுக்கும், பயணி ஆடிப்போவார். ஆகவே நடுவே 'டிரான்சிஷன் கர்வ்' என்ற ஒரு பகுதி வைப்போம். அதில் வளைவு சிறிது சிறிதாகக் கூடி வட்டத்தில் போய்ச் சேரும். எழுத்திலும் இதே கதைதான். ப-வின் நேர்கோட்டோடு ஒரு கால்வட்டத்தை அப்படியே ஒட்டினால் அளவுகோலின்படி சரியாக இருக்கும், கண்ணுக்கு மட்டும் அந்த ஒட்டில் ஒரு முடிச்சு தெரியும். நேர்கோடு முடியும் இடத்தை இன்னும் சற்று முன்னாலேயே தொடங்கி, மெல்ல வளைத்து, பிறகு இறுக்க வேண்டும். கையால் நாலைந்து முறை விடாமல் எழுதிப் பார்த்தால் கை இதைத் தானே செய்யும். அதனால்தான் தாளில் தொடங்கச் சொன்னேன்.

தாளில் திருப்தியானதும் அதைப் படம் எடுத்துக் கணிப்பொறிக்குக் கொண்டுபோகலாம். இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் படத்தைத் தானாகவே கோடாக மாற்றும் வசதி உண்டு. அதைத் தொடாதீர்கள். பென்சிலின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு கணு வைத்து, ஓர் எழுத்துக்கு இருநூறு கணுக்களாகப் பெருக்கிவிடும். ஓரமெல்லாம் எறும்பு அரித்ததுபோல் இருக்கும். படத்தை அடியில் வைத்து, மேலே நீங்களே கணு வைத்து இழுங்கள். ஒரு முழு வட்டத்துக்கு நான்கு கணு போதும்: மேல், கீழ், இடம், வலம். வளைவு எங்கே உச்சியை எட்டுகிறதோ அங்கே மட்டும் கணு. கணு குறையக் குறைய வளைவு சுத்தமாகும். வட்டமான உச்சி உள்ள எழுத்துகளைத் தட்டையான உச்சி உள்ளவற்றைவிட ஒரு மயிரிழை உயரமாக விட வேண்டும், 5 மி.மீ.க்கு 0.1 மி.மீ. அளவில். இல்லாவிட்டால் அவை குட்டையாகத் தோன்றும்.

சொந்தமாக வரைய நேரமில்லாதவர்கள் நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை போன்ற, யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துடன் வரும் எழுத்துருக்களை அடிப்படையாக வைத்து, மேலே சொன்ன இடங்களை மட்டும் திருத்திக்கொள்ளலாம். எதுவானாலும் அச்சுக்கு அனுப்பும் முன் இரண்டு வேலைகள் பாக்கி. எழுத்தை எழுத்தாக வைக்காமல் புறவரைவாக மாற்ற வேண்டும். அச்சகத்துக் கணிப்பொறியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்களாகப் போய்விடும். கொம்பு ஓரிடம் கால் ஓரிடமாகப் பிரிந்த பெயர்களைப் பத்திரிகைகளிலும் பேனர்களிலும் பார்த்துச் சலித்தவர்கள் நாம். கோடுகளையும் அவ்வாறே புறவரைவாக்க வேண்டும். இல்லையெனில் படத்தைச் சுருக்கும்போது கோட்டின் தடிப்பு மட்டும் சுருங்காமல் நின்று எழுத்தை அடைத்துவிடும்.

எழுத்தில்லாத விசைகளுக்கு வருவோம். 'பின்நகர்த்து', 'நுழை', 'மாற்று' என்றெல்லாம் சொல்லாகவே அச்சிட வேண்டும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். தமிழ்ப் பற்றைப் பாராட்டுகிறேன், மூடியில் இடமில்லை. இவ்விசைகளுக்குச் சர்வதேசத் தர நிர்ணயத்தில் குறியீடுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஷிப்டுக்கு உள்ளீடற்ற மேல்நோக்கிய அம்பு. என்டருக்குக் கீழே இறங்கி இடப்பக்கம் திரும்பும் அம்பு. தட்டச்சுப் பொறியில் ஒரு வரி இறங்கி இடது ஓரத்துக்குத் திரும்பிய பழக்கத்தின் மிச்சம் அது. அம்புக்கு மொழி கிடையாது, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆப்பிள் கணிப்பொறியில் நாற்புறமும் கண்ணி போட்ட ஒரு சதுரம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். முதலில் அந்த நிறுவனத்தின் ஆப்பிள் சின்னத்தையே கட்டளைக்கு வைத்திருந்தார்கள். திரையெல்லாம் ஆப்பிளாக இருக்கிறதே என்று ஸ்டீவ் ஜாப்ஸ் குறைப்பட, சூசன் கேர் என்ற வரைகலைஞர் ஸ்வீடன் நாட்டில் காணத்தக்க இடங்களைச் சுட்டும் ஒரு பழைய அடையாளத்தைத் தேடி எடுத்தார். 1984-இல் வெளிவந்த மக்கின்டோஷில் அது வந்தது. நம் வீட்டு வாசல் சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளிக்கு நாலு கண்ணி போட்டால் கிட்டத்தட்ட அதுவேதான்! ஒரே தடிப்பில், விடாத ஒரே கோட்டில், நாலு பக்கமும் ஒத்த உருவம் எவ்வளவு சிறிதானாலும் சிதையாது.

நம் பிள்ளைகளுக்கு இன்னோர் ஆசையும் இருக்கும்: மூலையில் உள்ள எஸ்கேப் விசைக்குத் தங்கவயலின் அடையாளம் ஒன்று வேண்டும் என்று. அதற்கு எதைத் தேர்வது? சயனைட் மலைதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அதன் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து பாருங்கள். எந்த ஊர் மலையாகவும், ஏன், ஒரு சோற்றுக் குவியலாகவும்கூட இருக்கலாம். நிறமும் கோடுகளும் இல்லாமல் நிழலுருவம் மட்டும் நின்று பேச வேண்டும், அதுதான் தேர்வு. உலக வரைபடங்களில் சுரங்கத்துக்குக் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்களைப் போடுவார்கள். அது எல்லாச் சுரங்கத்துக்கும் பொது. சுரங்க வாயின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரம் நமக்குப் பொருத்தம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. மூடியதற்கு ஏன் படம் என்று கேட்கலாம். ஆளில்லா ரயில்வே கேட்டுக்கு முன் வைக்கும் சாலை எச்சரிக்கைப் பலகையில் நீராவி இன்ஜின் படம்தான் இருந்தது. நீராவி இன்ஜின்கள் 1990களின் நடுவிலேயே அகலப் பாதையை விட்டுப் போய்விட்டன, படம் போகவில்லை. டீசல் இன்ஜினையும் மின்சார இன்ஜினையும் பக்கவாட்டில் வரைந்தால் வெறும் பெட்டியாகத் தெரியும் என்பதே அதற்குக் காரணம். புகைபோக்கியும் சக்கரமும் இருந்தால் சிறு குழந்தையும் ரயில் என்று சொல்லிவிடும்.

கோபுரத்தை எப்படிக் குறைப்பது? உண்மையான கோபுரத்தில் குறுக்குச் சட்டங்கள், ஏணி, மேடை, கைப்பிடி எல்லாம் உண்டு. அத்தனையும் 12 மி.மீ.க்குள் வரைந்தால் மைக்கறைதான் மிஞ்சும். அது என்ன வேலை செய்தது என்று பார்த்தால் எதை வைத்துக்கொள்வது என்று தெரிந்துவிடும். கூண்டைத் தாங்கும் இரும்புக் கயிறு ஆழத்திலிருந்து நேராக மேலே வந்து, உச்சிச் சக்கரத்தின் மேல் வளைந்து, வைண்டிங் இன்ஜின் வீட்டை நோக்கிச் சாய்வாக இறங்கும். இரு பக்கமும் இழுப்பு இருப்பதால் உச்சியில் விழும் பாரம் நேர் கீழாக இல்லாமல் இன்ஜின் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து விழும். அதைத் தாங்குவதற்காகவே அந்தப் பக்கத்தில் ஒரு சாய்வுக் கால். ஆகவே சக்கரம், ஒரு நேர்க்கால், ஒரு சாய்வுக் கால் மூன்றும் இருந்தால் அது ஷாஃப்ட் கோபுரம். இருபுறமும் ஒத்த சாய்வில் கால் வைத்தால் கைபேசிக் கோபுரம் ஆகிவிடும். சக்கரத்தை எடுத்தால் ஏணி ஆகிவிடும். சக்கரத்துக்கு 4 மி.மீ. வெளிவிட்டம், வளையம் 0.7 மி.மீ. தடிப்பு, நடுவே ஒரு புள்ளி. ஆரக்கால்கள் வேண்டாம். கயிற்றையும் போட ஆசை வரும். அது சாய்வுக் காலை ஒட்டியே போவதால் இரண்டுக்கும் நடுவே வெளி போதாது. விட்டுவிடுங்கள். அடியில் குறுக்காகத் தரைக்கோடு ஒன்று போட்டால் உருவம் ஊன்றி நிற்கும்.

அச்சிடும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெப்பத்தால் சாயத்தைப் பிளாஸ்டிக்குக்குள் இறக்கும் முறையில் எழுத்து எளிதில் அழியாது. ஆனால் வெளிர் மூடியில் கருமையான எழுத்து மட்டுமே வரும். மூடி பி.பி.டி. என்ற வகையாக இருக்க வேண்டும், ஏ.பி.எஸ். அந்தச் சூட்டைத் தாங்காது. இரு நிறப் பிளாஸ்டிக்கை அடுத்தடுத்து வார்க்கும் முறையில் எழுத்து தேயவே தேயாது. ஆனால் அச்சு வார்ப்பு செய்யும் செலவு ஆயிரக்கணக்கில் விற்பவருக்குத்தான் கட்டும். தவிர, மூடிய வளையங்களின் உள்ளே பிளாஸ்டிக் போய்ச் சேர வழி வேண்டும் என்பதால் சுழி நிறைந்த நம் எழுத்துக்கு அது கடினம். ஒன்றிரண்டு செய்ய விரும்புகிறவர்களுக்கு யு.வி. அச்சு எளிது, நிறக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் எழுத்து மேற்பரப்பில் உட்காருவதால் நாளடைவில் விரல் பட்டுத் தேயும். மூடி வாங்கும்போது எந்த வரிசைக்கு எந்த மூடி என்று கவனியுங்கள். பல பலகைகளில் வரிசைக்கு வரிசை சாய்வு மாறும், மாற்றி மாட்டினால் விரல் இடறும். எல்லா வரிசைக்கும் ஒரே வடிவமான மூடிகளும் கிடைக்கின்றன.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. 31 எழுத்தையும் உண்மை அளவிலேயே சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, இருக்கும் விசைப்பலகையின் மேல் பசை நாடாவால் ஒட்டுங்கள். மாலையில், வீட்டு விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடி போட்ட ஒரு பெரியவரையும் தமிழ் படிக்கத் தொடங்கிய ஒரு பிள்ளையையும் உட்காரவைத்து ன எங்கே, ண எங்கே, எ எங்கே, ஏ எங்கே என்று கேளுங்கள். எந்த எழுத்தில் விரல் தயங்குகிறதோ அதைத் திரும்ப வரைய வேண்டும். ஒரு வாரம் அந்தத் தாளோடேயே பிள்ளை தட்டட்டும், செலவு ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு சிறு விஷயம். பார்க்காமல் தட்டுபவர்களுக்காக இடச்சுட்டு விரல், வலச்சுட்டு விரல் விசைகள் இரண்டில் சிறு மேடு இருக்கும். தமிழ்99-இல் அந்த இடங்களுக்கு வருபவை ஃ, ப. மேடு மூடியின் கீழ் ஓரத்தில் இருந்தால் எழுத்து அதன்மேல் ஏறாதபடி மட்டக்கோட்டை எல்லா மூடிக்கும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர் உயர்த்திக்கொள்ளுங்கள். அந்த இரண்டை மட்டும் உயர்த்தினால் வரிசை கோணிவிடும்.